முதல் வண்டிக்கு ரோடு

எங்கள் வீட்டு விசேஷங்களில் அத்தான் இருக்கிறாரா போய்விட்டாரா என்று தெரிய வேண்டுமானால் பந்தியில் தேடக் கூடாது. வாசலில் செருப்பைத் தேட வேண்டும். மற்றவர்கள் செருப்பெல்லாம் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் குவிந்து கிடக்கும். அத்தானுடையது மட்டும் தனியாக, சுவரோரமாக, தெருவைப் பார்த்துத் திரும்பி ஜோடியாக இருக்கும். பைக்கையும் அப்படித்தான் நிறுத்துவார். வந்து இறங்கியதும் வண்டியைத் திருப்பி ரோட்டைப் பார்க்க வைத்துவிட்டுத்தான் "எல்லாரும் சொகமா" என்று கேட்பார். செருப்பைக் காணோம் என்றால் அத்தான் கிளம்பிவிட்டார். அவர் கிளம்பிவிட்டார் என்றால் என் அக்காவும் கிளம்பிவிட்டாள்.

அத்தான் என் அக்காவின் கணவர். அக்கா எனக்கு ரொம்ப மூத்தவள். அவளுக்குக் கல்யாணம் ஆனபோது நான் பாவாடை சட்டை போட்டுக்கொண்டிருந்த பள்ளிக்கூடத்துப் பிள்ளை. அத்தானைக் கேலி செய்கிற உரிமை அன்றைக்கே எனக்கு வந்துவிட்டது. அதை நான் ஒருநாளும் வீணாக்கியதில்லை.

தூத்துக்குடியில் அவருக்கு லாரி புக்கிங் ஆபீஸ். உப்பு, உரம், கன்டெய்னர் என்று எது துறைமுகத்துக்குள் போக வேண்டுமானாலும் வண்டி பிடித்துக் கொடுப்பார். துறைமுக வாசலில் வண்டிகள் நிற்கிற நிற்பைப் பார்த்தவர்களுக்குத்தான் அந்தத் தொழில் தெரியும். முதலில் உள்ளே போன வண்டி சரக்கை இறக்கிவிட்டு மத்தியானம் வீட்டுக்குப் போய்விடும். ஒரு டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று பிந்தியவன் மறுநாள்வரை அந்த வெயிலிலேயே கிடப்பான். "மொத வண்டிக்கு ரோடு, கடைசி வண்டிக்குப் புழுதி" என்பார் அத்தான். அதை அவர் லாரிக்கு மட்டும் வைத்துக்கொண்டிருந்தால் எங்களுக்கு ஒரு தொந்தரவும் இல்லை. கல்யாணம், கோயில், சினிமா என்று மனிதர்கள் கூடுகிற இடமெல்லாம் அவருக்குத் துறைமுக வாசல்தான். எங்கே போனாலும் கூட்டம் எழுந்திருப்பதற்கு முன்னால் தான் எழுந்துவிட வேண்டும்.

சொந்தக் கல்யாணத்திலேயே அதைத்தான் செய்தார். தாலி கட்டி, சாப்பிட்டு, மேடையில் சொந்தக்காரர்கள் ஒவ்வொரு குடும்பமாக ஏறிப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அத்தான் கடிகாரத்தைப் பார்த்தார். "ரெண்டாம் ரயில்வே கேட்டை அடைச்சுட்டாம்னா அம்புட்டுதான்" என்று சொல்லிவிட்டு, மாலையும் கழுத்துமாக அக்காவைக் கையைப் பிடித்து இறக்கிக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். போட்டோக்காரர் பாவம், பேசினபடி படம் எடுத்தாக வேண்டுமே. இரண்டு காலி நாற்காலிகளுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் எங்கள் பெரியம்மாக்களும் மாமாக்களும் விறைத்து நிற்கிற படங்கள் ஆல்பத்தில் இன்றும் இருக்கின்றன. நான் ஒரு படத்தில் அழுதுகொண்டிருக்கிறேன். அக்கா என்னிடம் சொல்லாமல் போய்விட்டாள் என்ற அழுகை அது.

சினிமாவுக்குப் போனால், கதாநாயகன் வில்லனுடைய குடோனுக்குள் நுழைகிற இடத்தில் அத்தான் எழுந்துவிடுவார். "இனிமே அடிதடிதான, வா" என்பார். சண்டை முடிந்து ஊரே வெளியே வந்து சைக்கிளையும் பைக்கையும் உருவிக்கொண்டிருக்கும்போது இவர்கள் வீட்டில் தோசை சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். மறுநாள் நான் போய் அக்காவுக்கு மீதிக் கதையைச் சொல்வேன். "எனக்குத் தெரிய ஒரு வில்லனும் இன்னும் சாகலளா" என்று சிரிப்பாள்.

திருச்செந்தூரில் சூரசம்காரத்துக்கும் அதே கதைதான். கடற்கரையில் லட்சம் ஜனம் நிற்கும். யானைத் தலை விழும், சிங்கத் தலை விழும். சூரன் தன் சொந்தத் தலையோடு வருகிற நேரத்தில் அத்தான் பஸ் ஸ்டாண்டில் ஜன்னல் ஓரத்து இருக்கையில் துண்டு போட்டிருப்பார். "மாப்ளைக்கு மட்டும் சூரன் இன்னும் உயிரோடதான் இருக்கான்" என்று என் அப்பா சொல்வார். அத்தான் கோபித்துக்கொள்ள மாட்டார். "சாகாம எங்க போவான் மாமா, வருசா வருசம் சாகுதவன்தான" என்பார்.

இதற்கு ஒரு மறுபக்கமும் உண்டு. முதலில் கிளம்புகிறவர் முதலில் வருகிறவராகவும் இருந்தார். ஒரு விடிகாலையில் அப்பாவுக்கு நெஞ்சு வலித்தது. அக்காவுக்குப் போன் செய்துவிட்டு, சோடா கொடுக்கலாமா, பக்கத்து டாக்டரை எழுப்பலாமா என்று நாங்கள் ஆளுக்கு ஒன்று பேசிக்கொண்டிருக்கும்போதே வாசலில் கார் வந்து நின்றது. கார் ரோட்டைப் பார்த்துத் திரும்பி நின்றது. அன்றைக்கு அத்தான் அப்படி வராமல் இருந்திருந்தால் அப்பா அதற்குப் பிறகு எட்டு வருடம் இருந்திருக்க மாட்டார். நான் எத்தனை கேலி செய்தாலும் அம்மா குறுக்கே வந்து, "சரி போதும், மருமகனச் சொல்லாத" என்பதற்கு அந்த விடிகாலைதான் காரணம்.

துக்க வீட்டுக்கும் அவர்தான் முதல் ஆள். பந்தல், நாற்காலி, குளிர்பெட்டி, மேளக்காரர், எல்லாம் அவர் சொல்லி வந்துவிடும். அவருக்குப் பொருத்தமான இடமும் அதுதான் என்று நான் சொல்வேன். கல்யாண வீட்டில் "போயிட்டு வாரோம்" என்று ஒவ்வொருவரிடமும் சொல்லி, வெற்றிலை பாக்கு வாங்கி, அதற்குள் இன்னும் நான்கு பேர் வந்து பிடித்துக்கொள்வார்கள். துக்க வீட்டில் அந்தத் தொல்லை இல்லை. அங்கே "வாரேன்" என்ற சொல்லே வாயில் வரக் கூடாது. சொல்லிக்கொள்ளாமல் எழுந்து போவதுதான் முறை. போகிறவரைப் பின்னால் இருந்து யாரும் கூப்பிடவும் மாட்டார்கள். அத்தான் இந்த முறையைக் கொஞ்சமும் பிசகாமல் கடைப்பிடிப்பார். பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தவர் திரும்பிப் பார்த்தால் நாற்காலி காலியாக இருக்கும்.

அக்கா இதையெல்லாம் சிரித்துக்கொண்டு பொறுத்தவள்தான். ஒன்றை மட்டும் அவள் பொறுக்கவில்லை. அவர்களுக்கு ஒரே மகன். அவன் ஐந்தாம் வகுப்பு படிக்கும்போது பள்ளிக்கூட ஆண்டு விழாவில் ஒரு நடனத்தில் இருந்தான். அவன் நடனம் கடைசி நிகழ்ச்சி. அதற்கு முந்தின நாடகம் நடந்துகொண்டிருக்கும்போதே அத்தான் எழுந்தார். பள்ளிக்கூட வேன்கள் எல்லாம் ஒரே வாசலில் கிளம்பினால் அரைமணி நேரத்துக்கு வெளியே போக முடியாது, வண்டியை எடுத்து வெளியே நிறுத்துவோம், பையன் வந்ததும் ஏற்றிக்கொண்டு போய்விடலாம் என்றார். அக்கா பழக்கத்தில் எழுந்துவிட்டாள். நான் மட்டும் உட்கார்ந்திருந்தேன். பையன் மேடையில் தலையில் மயிலிறகைக் கட்டிக்கொண்டு ஆடினான். அவன் கண் முழுக்க நான் இருந்த வரிசையில்தான் இருந்தது. என் பக்கத்தில் இரண்டு காலி நாற்காலிகள். எனக்குக் கல்யாண ஆல்பம்தான் ஞாபகம் வந்தது, ஆனால் அன்று சிரிப்பு வரவில்லை.

அன்றைக்குப் பள்ளிக்கூட வாசலிலிருந்து வெளியே போன முதல் வண்டி அத்தானுடையதுதான். அவருக்கு அதில் திருப்தி. பையன் வழியெல்லாம் பேசவில்லை என்று அக்கா பிறகு சொன்னாள். அத்தானை அவள் குற்றம் சொல்லவில்லை. "அவுக சுபாவம் தெரிஞ்சதுதான. நான் எந்திரிச்சிருக்கக் கூடாது. எனக்கென்ன கால்ல சக்கரமா கட்டியிருக்கு?" என்றாள். பல வருடங்களுக்குப் பிறகும், பையன் படித்து முடித்துக் கோயம்புத்தூரில் வேலைக்குப் போன பிறகும், ஏதாவது பேச்சில் இது வந்துவிடும். "எந்திரிச்சிருக்கக் கூடாதுளா" என்பாள், நேற்று நடந்ததுபோல.

நான் ஜப்பானில் செண்டாய் என்கிற ஊரில் வேலைக்குப் போய்ச் சேர்ந்து பல வருடம் கழித்து, இருவரையும் ஒரு மாதம் வந்து இருக்கும்படி கூப்பிட்டேன். அது ஆகஸ்ட் மாதம். விமானத்தில் முன் வரிசை இருக்கை கிடைக்கவில்லை என்பது அத்தானுக்கு ஒரு குறையாகவே இருந்தது. வந்து இறங்கியதும் எனக்குச் சொன்ன முதல் செய்தி அதுதான். மற்றபடி ஜப்பான் அவருக்குப் பிடித்துவிட்டது. ரயில் சொன்ன நேரத்துக்கு வருகிறது, கதவு சொன்ன இடத்தில் நிற்கிறது. எந்தப் பெட்டியில் ஏறினால் இறங்குகிற இடத்தில் மாடிப்படி நேர் எதிரே வரும் என்பதை இரண்டே நாளில் கண்டுபிடித்து, பல வருடமாக அங்கே இருக்கிற எனக்கே சொல்லிக்கொடுக்க ஆரம்பித்துவிட்டார்.

செண்டாயிலிருந்து கொஞ்ச நேர ரயில் பயணத்தில் மட்சுஷிமா விரிகுடா. கடலுக்குள் சின்னச் சின்னப் பாறைத் தீவுகள், ஒவ்வொன்றின் தலையிலும் பைன் மரங்கள். அந்த நாட்டுக்காரர்கள் தலைமுறை தலைமுறையாக வந்து பார்த்து வாயைப் பிளக்கிற இடம். பகலெல்லாம் சுற்றிவிட்டு, சாயங்காலம் கரையில் நடக்கிற வாணவேடிக்கையையும் பார்த்து வரலாம் என்று சொன்னேன். அத்தான் உடனே, "கூட்டம் வருமோ?" என்றார். நான் பதில் சொல்வதற்குள் அக்கா முந்திக்கொண்டாள்.

"வரும். வந்தா வரட்டும். இங்க பாருங்க, இன்னைக்கு ஒரு நாளு, ஒரே ஒரு நாளு, கடைசி வெடி வெடிச்சு முடியித வரைக்கும் நான் எந்திரிக்க மாட்டேன். இப்பமே சொல்லிட்டேன்."

அத்தான் என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன். "சரி, அதுக்கென்ன" என்றார். எனக்கு நம்பிக்கை இல்லை. அக்காவுக்கும் இருந்திருக்காது.

பகல் நன்றாகவே போனது. படகில் தீவுகளைச் சுற்றி வந்தோம். எல்லோரும் மேல்தளத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு படம் எடுத்தார்கள். அத்தான் இறங்குகிற பலகைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு தீவுகளைப் பார்த்தார். "நம்ம தூத்துக்குடி முயல்தீவு மாதிரிதான் இருக்கு. என்ன, இவன் மரத்த ஒழுங்கா வச்சிருக்கான்" என்றார். படகு கரையைத் தொட்டதும் முதலில் இறங்கியது யார் என்று சொல்ல வேண்டியதில்லை. கரையில் சிப்பியைக் கரி அடுப்பில் வைத்துச் சுட்டு விற்றார்கள். முத்துக் குளித்த கடற்கரையில் பிறந்தவருக்குச் சிப்பியைத் தின்கிற பொருளாகப் பார்க்க மனம் வரவில்லை. கடைக்காரர் ஓட்டைப் பிளப்பதையே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏ புள்ள, உள்ள முத்து கெடந்தா அது வாங்குனவனுக்கா, கடைக்காரனுக்கா? கேளு."

கேட்டேன். கடைக்காரர் சிரித்து, இது அந்தச் சாதிச் சிப்பி இல்லை, முத்து இருக்காது என்றார். "இருக்காதுன்னு சொல்லுதவன்தான் வீட்டுல சேத்து வச்சிருப்பான்" என்றார் அத்தான். நாங்கள் கட்டிக்கொண்டு போயிருந்த எலுமிச்சைச் சாதத்தைப் பைன் மரத்தடியில் உட்கார்ந்து சாப்பிட்டோம். சாப்பிட்ட கையோடு அத்தான் ஒரு நடை போய்வந்தார். ஸ்டேஷனுக்கு எத்தனை வழி, எதில் படி, எதில் சரிவு என்று பார்த்துவிட்டு வந்திருக்கிறார்.

சாயங்காலம் கரையோரப் புல்வெளியில் நீலப் பாயை விரித்து இடம் பிடித்தோம். சுற்றிலும் குடும்பம் குடும்பமாக ஆட்கள். பெண்கள் பருத்தி அங்கி உடுத்தி, இடுப்பில் அகலப் பட்டை கட்டி, கையில் விசிறியோடு வந்து உட்கார்ந்தார்கள். அத்தான் பாயின் ஓரத்தில் உட்கார்ந்தார். ஷூவைக் கழற்றி ஸ்டேஷன் பக்கம் பார்க்க வைத்தார். இருட்டத் தொடங்கியதும் கடலில் காகித விளக்குகளை விட்டார்கள். உள்ளே மெழுகுவர்த்தி எரிகிற சின்னப் பெட்டிகள். அவை வரிசையாகத் தண்ணீரில் அசைந்து போயின. அக்கா கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"இது எதுக்குளா?"

நான் விளக்கினேன். செத்துப்போன முன்னோர்கள் இந்த மாதத்தில் வீட்டுக்கு வந்துவிட்டுத் திரும்புவதாக இவர்களுக்கு நம்பிக்கை, நம் ஆடி அமாவாசை மாதிரி. அவர்களை வழியனுப்பத்தான் விளக்கு, வாணவேடிக்கைகூட அவர்கள் நினைவாகத்தான் என்றேன். பெரிய ஆள்போல எல்லாவற்றையும் சொன்னேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

"அப்பம் இது சாவு வேட்டா?" என்றார் அத்தான்.

"அப்படின்னும் சொல்லலாம்."

"நம்ம ஊர்லயும் வயசாளி போனா வேட்டு போட்டுத்தான எடுக்கோம். சரிதான்" என்று தலையை ஆட்டினார்.

முதல் வாணம் தீவுகளுக்குப் பின்னால் ஏறி வெடித்தது. சத்தம் கொஞ்சம் பிந்தி வந்து நெஞ்சில் இடித்தது. ஒன்று அணைந்த பிறகு ஒன்று என்று நிதானமாக விட்டார்கள். சிவப்பு, பச்சை, பிறகு வெள்ளி. ஒவ்வொன்றுக்கும் கூட்டம் மெதுவாக ஒரு ஓ போட்டது. அக்கா வாயை மூட மறந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அத்தானும் அண்ணாந்து பார்த்தார். பாதி நேரம்வரை அவர் அப்படியே இருந்தார். அது எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

பிறகு எழுந்தார். ஷூவில் காலை நுழைத்தார். எங்களைப் பார்க்கவில்லை, ஒரு வார்த்தை சொல்லவில்லை. பாய்களுக்கு இடையில் கால் வைத்து, யார் மேலும் படாமல், நடந்து போய்க்கொண்டே இருந்தார். நான் "அத்..." என்று வாயெடுத்தேன். அக்கா என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தாள்.

"பின்னால கூப்புடாத!"

"எங்க போறாக இவுக?"

"சாவுன்னு சொன்னேலா நீ. அதான் சொல்லிக்காம போறாக. கூப்புட்டா ஆகாது."

"அக்கா, இது ஜப்பான்!"

"ஜப்பான்னா சாவு இல்லயா?"

எனக்கு இருவர் மேலும் வந்த கோபத்துக்கு அளவே இல்லை. அத்தானுடைய கைபேசி அந்த நாட்டில் வேலை செய்யாது. ரயிலுக்கான அட்டைகள் மூன்றும் என் பையில் இருந்தன. பாஷை தெரியாது. நான் எழுந்து பின்னாலேயே போகிறேன் என்றேன். அதற்குள் அவர் நடந்த வழியில் ஆட்கள் நிரம்பிவிட்டார்கள். எந்தப் பக்கம் திரும்பினார் என்று தெரியவில்லை. "நீ வா, ரெண்டு பேரும் போயிப் பாப்போம்" என்றேன்.

அக்கா அசையவில்லை. முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "நான் எந்திரிக்க மாட்டேன்னு சொன்னேம்லா. ஒரு தடவ எந்திரிச்சு பிள்ள மொகத்துல முழிக்க முடியாம போச்சு. இன்னைக்கு எந்திரிக்க மாட்டேன். நீ உக்காரு."

உட்கார்ந்தேன். கடைசிப் பத்து நிமிடம் நான் அதுவரை எந்த ஊரிலும் பார்க்காத வேடிக்கை. கோபம்கூட மறந்துவிட்டது. முடிந்ததும் கூட்டம் கைதட்டியது. அக்காவும் தட்டினாள். ஒலிபெருக்கியில் எந்தப் பகுதி முதலில் எழுந்திருக்க வேண்டும் என்று அறிவித்தார்கள். பாயை மடித்துக்கொண்டு, எங்கள் முறை வந்ததும் நடந்தோம். அக்கா வேகமாக நடந்தாள்.

ஸ்டேஷன் வாசலில் வரிசை தொடங்கியது. அத்தான் எங்கே இருப்பார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நேரே முன்பக்கம் போய்ப் பார்த்தேன். இல்லை. காவலுக்கு நின்றவரிடம், வெள்ளைச் சட்டை போட்ட, மீசை வைத்த, வெளிநாட்டுக்காரர் ஒருவர் என்று கேட்டேன். தெரியவில்லை என்று தலை குனிந்தார். அக்காவின் முகம் வெளுத்துவிட்டது. "தனியா ரயில்ல ஏறிட்டாகளோ? அந்தப் பக்கமா போற ரயில்ல ஏறிட்டா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். அட்டை இல்லாமல் உள்ளே போக முடியாது என்றேன். அது அவள் காதில் ஏறவில்லை. வரிசையை ஒட்டி, ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே பின்னோக்கி நடந்தோம். வரிசை தெருமுனையில் வளைந்து, ஒரு மூடிய கடையைத் தாண்டி, மறுபடி வளைந்தது. அக்கா என் கையைப் பிடித்திருந்த பிடியில் என் விரல் வலித்தது. அத்தான் தொலைந்துபோய்விட்டார் என்று நானும் அப்போது நினைத்துவிட்டேன்.

வரிசையின் வாலில் அத்தான் நின்றார். கையில் ஒரு நீளக் கம்பு, அதன் உச்சியில் ஒரு பலகை. அவர் பக்கத்தில் ரயில்வே சீருடை போட்ட ஓர் இளைஞன் கையை உதறிவிட்டுக்கொண்டிருந்தான். புதிதாக வருகிறவர்களை அத்தான் பலகையோடு கையைக் காட்டித் தனக்கு முன்னால் நிற்க வைத்துவிட்டு, தான் ஓர் அடி பின்னால் நகர்ந்துகொண்டார். நாங்கள் பார்க்கும்போதே ஒரு குடும்பத்தை அப்படி முன்னால் அனுப்பினார்.

"என்ன அத்தான் இது?"

"அந்தப் பய ரொம்ப நேரமா தூக்கிப் புடிச்சுக்கிட்டு நின்னான். கை வலிக்கும்லா, குடுன்னு வாங்கிட்டேன். என்ன போட்டுருக்கு இதுல?"

"வரிசைக்குக் கடைசி இதுன்னு போட்டுருக்கு."

அத்தான் அண்ணாந்து பலகையைப் பார்த்தார். "சரியாத்தான் போட்டுருக்கான்" என்றார்.

"நீங்க எதுக்குக் கடைசில நிக்கிய?"

"மொதல்ல முன்னாலதான் புள்ள நின்னேன். மொத ஆளு நான்தான். பொறவு யோசிச்சேன், நீங்க ரெண்டு பேரும் கூட்டத்துல எங்கன வாரியன்னு நான் எப்படிக் கண்டுபிடிக்க? சொல்லிக்காம வந்தவன் திரும்பி வந்து கூப்புடவும் முடியாது. எம்புட்டுப் பெரிய வரிசையா இருந்தாலும் வந்து சேருதவன் வால் வழியாத்தான வரணும். லாரிக்கும் அதான கணக்கு. அதான் இங்கன வந்துட்டேன். ஒன் அக்காள விட்டுட்டு நான் எங்க போவேன்?"

அதை அவர் ஒரு சாதாரணக் கணக்கைச் சொல்வதுபோலச் சொன்னார். அவர் மேல் நான் அவ்வளவு பிரியம் வைத்திருக்கிறேன் என்பதே எனக்கு அந்தத் தெருவில்தான் தெரிந்தது. அக்கா போய் அவர் பக்கத்தில் நின்றுகொண்டாள். முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

இப்போது அத்தான் இல்லை. அவர் போன சேதி வந்த அன்று ஊரில் எல்லோர் வாயிலும் ஒரே வாக்கியம்தான் வந்தது. அதை நான் இங்கே எழுதப் போவதில்லை. பொருத்தமாக இருக்கிறது என்பதற்காக எதையும் சொல்லிவிடக் கூடாது. அவரை நினைத்தால் எனக்கு அந்தப் பலகையோடு நிற்கிற ஆள்தான் வருகிறார்.

அன்றைக்கு வரிசை மெதுவாக நகர்ந்தது. எங்களுக்குப் பின்னால் இனி வருவதற்கு ஆள் இல்லை. இளைஞன் வந்து, குனிந்து வணங்கி, பலகையை வாங்கிக்கொண்டான். அத்தான் அக்காவிடம் கேட்டார். அவர் இப்படி ஒரு கேள்வி கேட்டு நான் அதற்கு முன் கேட்டதில்லை.

"கடைசில என்ன விட்டான்?"

அக்கா முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினாள். மறுபடியும் கேட்டார்.

"இருந்து பாத்தேலா? சொல்லு, எப்படி முடிச்சான்?"

"நான் எங்க பாத்தேன்" என்றாள் அக்கா. "ஒவ்வொரு வெளிச்சம் வரும்போதும் உங்க வெள்ளச் சட்ட எங்கயாவது தெரியுதான்னு கூட்டத்தையில்லா பாத்துக்கிட்டு இருந்தேன். மேல ஒண்ணையும் நான் பாக்கல."

நான் அதுவரை அவள் பார்த்தாள் என்றுதான் நினைத்திருந்தேன். அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து, அவள் முகத்தை ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்காமல், வானத்தையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

"அப்பம் ரெண்டு பேருமே பாக்கலயா?" என்றார் அத்தான்.

"இவ பாத்தா" என்று அக்கா என்னைக் காட்டினாள். "ஏளா, சொல்லு."

சொன்னேன். முதலில் தீவுகளுக்கு மேல் ஒரே நேரத்தில் நிறைய வாணம் ஏறியதையும், அவை வெடித்து அணையாமல் தங்க மழைபோலக் கீழே கீழே இறங்கி வந்து கடலைத் தொட்டதையும், தண்ணீரும் வானமும் ஒரே நிறமாக இருந்ததையும், கடைசியாக ஒன்று மட்டும் தனியாக, சத்தமே இல்லாமல், மற்ற எல்லாவற்றையும்விட உயரமாகப் போனதையும் சொன்னேன். அக்கா அத்தானின் சட்டை நுனியைப் பிடித்திருந்தாள். இருவரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எங்களுக்கு முன்னால் வரிசை நகர்ந்து இடைவெளி விழுந்தது. அத்தான் அதைக் கவனிக்கவே இல்லை.

"பொறவு?" என்றார்.

"பொறவு ஒண்ணுமில்ல அத்தான். முடிஞ்சிட்டு."